பூஷனுக்கும் வருணனுக்கும் வீட்டில் இடம் கொடுப்பது எப்படி?

கேள்வி இது: வேதத்தில் பூஷன், உஷஸ், அதிதி, வருணன், அர்யமன் என்று எத்தனையோ தெய்வங்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பெரிதாகக் கோயில் இல்லை, வீட்டில் கொண்டாடும் பண்டிகையும் இல்லை. நம் அன்றாட வழிபாட்டில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா? படம், விக்கிரகம் வேண்டுமா? மந்திரம் சரியாகத் தெரியாமல் செய்தால் தோஷம் வருமா?

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் யாரும் கூப்பிடாத தெய்வத்தை நாம்தான் புதிதாகக் கூப்பிடப் போகிறோம் என்று நினைத்துத் தொடங்க வேண்டாம். நம் வீட்டுச் சடங்குகளுக்குள் அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மந்திரத்தில் பெயர் வருகிறது, நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். அதனால் புதுப் பூஜை ஒன்றை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே கூப்பிடும் இடத்தில் யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரிந்து கூப்பிடுவதே முதல் வேலை.

வைதிக முறைப்படி நடந்த கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடிக்கும்போது சொல்லும் மந்திரம் ரிக்வேதம் 10-ஆம் மண்டலத்தின் (பகுதியின்) 85-ஆவது சூக்தத்தில், அதாவது பாடலில், இருக்கிறது. 'பகன், அர்யமன், ஸவிதா, புரந்தி ஆகிய தேவர்கள் உன்னை எனக்குக் கொடுத்தார்கள்' என்பது அதன் பொருள். பெண் பொரி இடும்போதும் அர்யமனின் பெயர் வருகிறது. நாதஸ்வரமும் கெட்டிமேளமுமாக இருக்கும் அந்த நேரத்தில் இது யார் காதிலும் விழுவதில்லை. யஜுர்வேதிகள் செய்யும் சந்தியாவந்தனத்தில் காலை உபஸ்தானம் (நின்று துதித்து வணங்குவது) மித்ரனுக்கு, மாலை உபஸ்தானம் வருணனுக்கு. 'ஶம் நோ மித்ர: ஶம் வருண:' என்ற சாந்தி மந்திரத்தில் மித்ரன், வருணன், அர்யமன் மூவரும் வரிசையாக நிற்கிறார்கள். கணபதி அதர்வசீர்ஷம் சொல்கிறவர்கள் முதலில் சொல்லும் சாந்தி பாடத்தில் 'ஸ்வஸ்தி ந: பூஷா விஶ்வவேதா:' என்று பூஷன் வந்துவிடுகிறான்.

இதையெல்லாம்விட நேரான வழி ஒன்று உண்டு: உங்கள் ஜன்ம நட்சத்திரம். கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொல்கிறோம். அந்த நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேத தேவதை உண்டு. தைத்திரீய பிராமணம் என்ற யஜுர்வேத நூலின் மூன்றாம் அஷ்டகம், முதல் பிரச்னத்தில் இருக்கும் நட்சத்திர மந்திரங்கள் இந்தத் தேவதைகளை ஒவ்வொருவராக அழைக்கின்றன. புனர்பூசத்துக்கு அதிதி, பூசத்துக்கு பிருகஸ்பதி, மகத்துக்குப் பித்ருக்கள், அஸ்தத்துக்கு ஸவிதா, சித்திரைக்கு த்வஷ்டா, சுவாதிக்கு வாயு, விசாகத்துக்கு இந்திரனும் அக்னியும், அனுஷத்துக்கு மித்ரன், பூராடத்துக்கு நீர்த் தேவதைகள், உத்திராடத்துக்கு விஸ்வேதேவர்கள், அவிட்டத்துக்கு வசுக்கள், சதயத்துக்கு வருணன், பூரட்டாதிக்கு அஜ ஏகபாத், உத்திரட்டாதிக்கு அஹிர்புத்ன்யன், ரேவதிக்கு பூஷன். பூரம், உத்திரம் இரண்டில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. தைத்திரீய பிராமணம் பூரத்துக்கு அர்யமன், உத்திரத்துக்கு பகன் என்கிறது. பிற்காலத்து ஜோதிட நூல்கள் இதை மாற்றிச் சொல்கின்றன. இந்த நட்சத்திரக்காரர்கள் இருவரையும் சேர்த்தே வணங்கிவிடலாம். திருமண மந்திரத்தில் இருவரும் சேர்ந்தேதான் வருகிறார்கள்.

நட்சத்திர வழியில் இன்னொரு வசதி, நாள் தானாகவே கிடைத்துவிடும். சந்திரன் ஏறக்குறைய 27 நாளுக்கு ஒருமுறை உங்கள் நட்சத்திரத்துக்குத் திரும்பி வருகிறான். பஞ்சாங்கத்திலோ தினசரி நாட்காட்டியிலோ பார்த்துக்கொண்டால் போதும். தினமும் செய்ய முடியாதவர்களுக்கு மாதம் ஒரு நாள் என்பது நடக்கக்கூடிய ஒழுங்கு. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று வீட்டில் உள்ளவர்களின் நட்சத்திரங்களையும் எடுத்துக்கொண்டால் நாலைந்து வேத தேவதைகள் உங்கள் வீட்டுக் காலண்டருக்குள் வந்துவிடுவார்கள்.

மூல நட்சத்திரக்காரர்கள் இங்கே கொஞ்சம் பயப்படுவார்கள். வேதப்படி அதன் தேவதை நிர்ருதி. அழிவின் தேவதை. அவளை வீட்டுக்குள் ஆவாஹனம் செய்யும் பழக்கம் இல்லை. அவளுக்கு உரியதைக் கொடுத்து, விலகி இருக்கும்படி வேண்டிக்கொள்வதே முறை. அக்னிசயனம் என்ற பெரிய யாகத்தில் நிர்ருதிக்கு என்று கறுப்புச் செங்கற்களை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்று யஜுர்வேதம் சொல்கிறது. ஆகவே தென்மேற்குத் திக்கை நோக்கி ஒரு நமஸ்காரம், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூலம் கெட்ட நட்சத்திரம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நவராத்திரியில் சரஸ்வதி ஆவாஹனம் செய்வது மூலத்தில்தான். தமிழ்நாட்டில் அனுமன் ஜயந்தி மார்கழி மூலத்தில்தான்.

இனி பூஷனைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். வேத தெய்வங்களில் இன்றைய வாழ்க்கைக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்பவன் வேறு யாரும் இல்லை என்பது என் கருத்து. பூஷன் வழிகளின் தலைவன். ஆடுகள் பூட்டிய தேரில் வருவான். காணாமல்போன மாட்டைத் தேடித் தருவான், பாதையில் இருக்கும் ஓநாயையும் திருடனையும் விரட்டுவான். ரிக்வேதம் 6-ஆம் மண்டலத்தில் 53 முதல் 58 வரை பரத்வாஜர் குலத்தின் ஆறு சூக்தங்கள் இவனுக்கு உண்டு. அவற்றில் ஒன்று மட்டும் இந்திரனோடு சேர்த்துப் பாடியது. 54-ஆவது சூக்தம் பத்தே மந்திரம். அதன் தொடக்கம் இப்படிப் போகிறது: 'பூஷனே, விவரம் தெரிந்தவனிடம் எங்களைக் கூட்டிப் போ. நேராக வழி சொல்பவனிடம், இதோ இங்கேதான் இருக்கிறது என்று காட்டுபவனிடம் கூட்டிப் போ.' நடுவில் ஒரு வேண்டுதல்: 'எதுவும் தொலைந்துபோக வேண்டாம், எதற்கும் காயம் பட வேண்டாம், எதுவும் பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொள்ள வேண்டாம்.' கடைசியில், 'பூஷன் தூரத்திலிருந்தே தன் வலக்கையை எங்களைச் சுற்றி வைக்கட்டும், தொலைந்ததை எங்களிடம் திரும்ப ஓட்டி வரட்டும்.' மாடு மேய்த்தவர்களின் வேண்டுதல் இது. ராத்திரி பஸ்ஸில் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தூக்கம் வராமல் படுத்திருக்கும் தாய்க்கும் இதே வேண்டுதல்தான்.

கல்யாண சூக்தத்தில் மணப்பெண்ணைக் கைப்பிடித்துப் பிறந்த வீட்டிலிருந்து அழைத்துப் போகிறவன் பூஷன். இறந்தவருக்கான 10-ஆம் மண்டல மந்திரங்களில், உயிரை இங்கிருந்து பத்திரமாக வழிநடத்திப் பித்ருக்களிடம் சேர்ப்பவனும் அதே பூஷன். ஈசாவாஸ்ய உபநிஷத்தின் முடிவில், சத்தியத்தின் முகத்தை மூடியிருக்கும் பொன் பாத்திரத்தை விலக்கச் சொல்லி வேண்டுவதும் பூஷனிடம்தான். இவ்வளவு பெரிய தெய்வத்துக்குத் தரும் உணவோ மிக எளியது. கரம்பம் என்று பெயர், வாற்கோதுமை மாவுக் கூழ். அவனுக்குப் பல் கிடையாது, அதனால் நன்றாக அரைத்த மாவே அவன் பங்கு என்று தைத்திரீய சம்ஹிதை சொல்கிறது.

பல் போன கதை சைவர்களுக்குத் தெரிந்ததுதான். தட்சன் வேள்வியில் சிவபெருமான் சூரியனாரின் (சூரியர்களில் ஒருவனான பூஷனின்) பற்களை நெரித்ததையும் பகனின் கண்ணைப் பறித்ததையும் மாணிக்கவாசகர் திருவுந்தியாரில் பாடுகிறார். சிவனின் எட்டு வீரத் தலங்களான அட்டவீரட்டங்களில் ஒன்றான திருப்பறியலூர் அந்த வேள்வி நடந்த தலமாகப் போற்றப்படுகிறது. அப்படியானால் சிவன் தண்டித்த தேவர்களைச் சிவபக்தர் வணங்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கதை அங்கேயே முடியவில்லை. பாகவதத்தின் நான்காம் ஸ்கந்தத்தில் அந்தச் சிவனே அவர்களுக்கு வழி செய்கிறார்: பகன் மித்ரனின் கண்ணால் தன் பங்கைப் பார்க்கட்டும், பூஷன் வேள்வி செய்பவனின் பல்லால் மெல்லட்டும், தனக்கென்றால் மாவாக உண்ணட்டும் என்கிறார். தண்டனையோடு பங்கும் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆகவே தயக்கம் வேண்டாம். வைஷ்ணவர்கள் இந்தத் தேவதைகளுக்குள் அந்தர்யாமியாக (உள்ளிருந்து இயக்குபவனாக) நாராயணனை நினைத்தே சந்தியாவந்தனம் செய்கிறார்கள். அவர்களுக்கும் வழி திறந்தே இருக்கிறது.

வீட்டில் செய்வது எளிது. ரேவதி நட்சத்திரம் உள்ள நாளிலோ, யாராவது நெடுந்தூரம் புறப்படும் நாளிலோ குளித்துவிட்டு விளக்கேற்றுங்கள். முதலில் பிள்ளையார், பிறகு குலதெய்வம். இந்த வரிசையை மாற்றவே வேண்டாம். கடையில் கிடைக்கும் பார்லியை வாசனை வரும்வரை லேசாக வறுத்து, மாவாக அரைத்து, தயிரிலோ நெய்யிலோ கட்டியில்லாமல் கரைத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். உப்பு, சர்க்கரை எதுவும் வேண்டாம். 'பூஷ்ணே நம:' என்று சொல்லி, மேலே சொன்ன வேண்டுதலைத் தமிழிலேயே சொல்லுங்கள். பயணம் போகிறவர் அந்தப் பிரசாதத்தில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் புறப்படட்டும். வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் செய்யுங்கள். ஒன்றுக்கு ஒன்று பகையில்லை.

வருணன் வேறு மாதிரி. பூஷனிடம் பயமில்லாமல் கேட்கலாம். வருணன் முன்னால் கொஞ்சம் நடுங்கித்தான் நிற்க வேண்டும். வானத்தில் பறக்கும் பறவைகளின் வழியும் கடலில் போகும் கப்பல்களின் வழியும் அவனுக்குத் தெரியும், பன்னிரண்டு மாதங்களையும் கூடுதலாகப் பிறக்கும் மாதத்தையும் அறிவான் என்கிறது முதல் மண்டலத்தின் 25-ஆவது சூக்தம். அவனிடமிருந்து எதையும் மறைக்க முடியாது. அதனால் 7-ஆம் மண்டலத்தில் வசிஷ்டர் மறைக்கவில்லை: 'உன்னைப் பாடிய நண்பனையே அழிக்க நினைக்கும் அளவுக்கு நான் செய்த பெரிய குற்றம் என்ன, வருணா?' என்று கேட்கிறார். பிறகு, 'அது நான் விரும்பிச் செய்ததல்ல. கள், கோபம், சூது, யோசனையின்மை' என்று ஒன்றொன்றாகச் சொல்கிறார். இன்னொரு சூக்தத்தில், 'தண்ணீருக்கு நடுவே நிற்கும்போதே உன்னைப் பாடுகிறவனைத் தாகம் பிடித்துக்கொண்டது, இரங்கு' என்கிறார். அந்தச் சூக்தத்தின் கடைசி மந்திரத்தைத்தான் யஜுர்வேதிகள் தினமும் மாலையில் சொல்கிறார்கள்: அறியாமையால் உன் தர்மத்தை எவ்வளவு மீறியிருந்தாலும் அந்தப் பாவத்துக்காக எங்களை வருத்தாதே.

தமிழுக்கும் வருணன் புதியவன் இல்லை. 'வருணன் மேய பெருமணல் உலகமும்' என்று தொல்காப்பியம் நெய்தல் நிலத்தை அவனுக்குக் கொடுத்திருக்கிறது. சுத்திச் சடங்கான புண்ணியாகவாசனத்தில் கும்பத்து நீரில் ஆவாஹனம் ஆகிறவனும் அவனே. சாஸ்திரிகள் கிரகப்பிரவேசத்தின்போது மாவிலையால் உங்கள் தலையில் தெளித்த தண்ணீர், வருணனை எழுந்தருளச் செய்து, ஜபம் செய்து, யதாஸ்தானம் (அவன் இடத்துக்கே) அனுப்பிவைத்த பிறகு தெளித்ததுதான்.

வீட்டில் வருணனுக்கு விக்கிரகம் தேவையில்லை என்பதற்கு அந்தக் கும்பமே சாட்சி. சாயங்காலம் ஒரு செம்புச் சொம்பில் சுத்தமான தண்ணீர் எடுத்துக்கொண்டு மேற்கே பார்த்து நில்லுங்கள். அன்று செய்த தவறு ஒன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். பொதுவாக 'பாவங்களை மன்னி' என்று சொன்னால் போதாது. வசிஷ்டரைப் போல எது என்று சொல்ல வேண்டும். யாரிடம் கோபப்பட்டோம், எந்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று. 'வருணாய நம:' என்று வணங்கிவிட்டு அந்தத் தண்ணீரைத் துளசிக்கோ வேறு செடிக்கோ ஊற்றிவிடுங்கள். இதைத் தொடர்ந்து செய்கிறவர்களுக்கு, மறுநாள் அந்த மனிதரைப் பார்த்து மன்னிப்புக் கேட்காமல் சொம்பைத் தூக்குவது கஷ்டமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

விடியலின் தேவி உஷஸுக்கு ரிக்வேதத்தில் சுமார் 20 சூக்தங்கள் இருக்கின்றன. அழகுக்கு அவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் வழிபாடு என்று பார்த்தால் செய்ய வேண்டியது மிகக் குறைவு: விடிவதற்கு முன் எழுந்திருப்பது. அருணோதயத்தில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற வீட்டில் பாதி வேலை நடந்துவிட்டது. கோலம் உஷஸுக்காகத் தோன்றியது என்று நான் சொல்லவில்லை. அந்த வேளையில் கிழக்கே பார்த்து ஒருமுறை கைகூப்பினால் போதும் என்கிறேன். முதல் மண்டலத்தின் 113-ஆவது சூக்தத்தில் ஒரு மந்திரம் உண்டு: முன்னாளில் உஷஸ் ஒளிர்வதைப் பார்த்த மனிதர்கள் போய்விட்டார்கள், இப்போது நாம் பார்க்கிறோம், இனி வரும் விடியல்களைப் பார்க்கப்போகிறவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். பெற்றவர்களை இழந்த வீட்டில் இதைப் படித்துப் பாருங்கள். படுக்கப் போகும்போது அவள் அக்காள் தங்கை முறையான ராத்ரிக்கு 10-ஆம் மண்டலத்தின் 127-ஆவது சூக்தம், எட்டு மந்திரம். ஊர் அடங்கிவிட்டது, பறவைகள் அடங்கிவிட்டன, ஓநாயையும் திருடனையும் விலக்கு என்பதுதான் சாரம். குழந்தைகளுக்குத் தமிழில் சொல்லித் தூங்க வைக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, வீட்டின் தலைவனான வாஸ்தோஷ்பதி. 7-ஆம் மண்டலத்தின் 54-ஆவது சூக்தம் மூன்றே மந்திரம். எங்களை அடையாளம் கண்டுகொள், நோயில்லாமல் குடிபுக விடு, இருகால் உயிர்க்கும் நாற்கால் உயிர்க்கும் நலமாக இரு என்று வீட்டையே கேட்பது. சொந்த வீடா என்று அவன் கேட்பதில்லை. குடிபோன முதல் நாள் பால் காய்ச்சும்போது வாசற்படியில் 'வாஸ்தோஷ்பதயே நம:' என்று சொல்லி ஒரு கரண்டிப் பால் வையுங்கள். தோட்டமோ வயலோ உள்ளவர்களுக்கு 4-ஆம் மண்டலத்தில், வயலின் தலைவனான க்ஷேத்ரபதியின் சூக்தம் இருக்கிறது. மாடும் மனிதனும் கலப்பையும் சுகமாக உழட்டும் என்பது அதில் ஒரு வரி. காட்டின் தேவி அரண்யானிக்கு 10-ஆம் மண்டலத்தில் ஆறு மந்திரம். உழாமலே நிறைய உணவு உடையவள், மிருகங்களின் தாய் என்று பாடுகிறது. அவளுக்கு வீட்டில் இடம் தேட வேண்டாம். மலைக்கோ காட்டுக்கோ போகும்போது ஒரு குப்பையும் போடாமல், சத்தம் போடாமல் இருந்துவிட்டு வருவதே அவளுக்குச் செய்யும் பூஜை.

படம் பற்றிக் கேட்டீர்கள். வருணன், வாயு, நிருதி முதலான திக்பாலகர்களுக்கு ஆகம, சிற்ப முறைப்படி வடிவம் உண்டு, கோயில்களில் பார்க்கலாம். பூஷன், உஷஸ், அதிதி போன்றவர்களுக்கு வீட்டில் வைத்து வணங்கும் உருவ மரபு இல்லை. இணையத்தில் கிடைக்கும் படத்தை அச்சடித்துப் பூஜை அறையில் மாட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. விளக்கு, கும்பம், உதய வானம், தண்ணீர், வாசற்படி இவை போதும். வேதமும் அவர்களை அங்கேயேதான் கண்டது. அடுக்குமாடி வீட்டில் தனியாக ஹோமகுண்டம் வைத்துப் பழக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்னி காரியத்துக்கு விதி நிறைய; தெரிந்த சாஸ்திரிகளை வைத்துச் செய்யுங்கள்.

மந்திரம் பற்றிய பயத்துக்கு வருகிறேன். ஸ்வரம் (ஒலியின் ஏற்ற இறக்கம்) தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வேதமே த்வஷ்டாவின் கதையைச் சொல்கிறது. மகன் விஶ்வரூபனை இந்திரன் கொன்றுவிட்ட கோபத்தில், இந்திரனைக் கொல்லும் ஒருவன் வளரட்டும் என்று த்வஷ்டா ஆகுதி செய்தான். உச்சரிப்பில் ஸ்வரம் இடம் மாறியதால், இந்திரனால் கொல்லப்படுபவன் வளரட்டும் என்று பொருள் திரும்பிவிட்டது. பிறந்த விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான். ஒரு தெய்வமே தவறிய இடத்தில் நாம் காணொளியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று துணிவது சரியல்ல. போதாக்குறைக்குத் தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப வரிசைக்கு நாலு ஒலி. புத்தகத்தில் 2, 3, 4 என்று பக்கத்தில் எண் போட்டிருப்பார்கள், அவசரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. சூக்தமாகச் சொல்ல விரும்பினால் குருவிடம் சந்தை சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் ஒருமுறை சொல்ல நீங்கள் இரண்டுமுறை சொல்லி, காதால் வாங்குவதுதான் வழி.

உபநயனம் ஆனவர்களுக்கே வேத அத்யயனம் (முறையாக ஓதிக் கற்பது) என்பது மரபில் பலர் இன்றும் கடைப்பிடிக்கும் வரையறை. சில குருமார்கள் பெண்களுக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரிக்வேதத்திலேயே அச்வினி தேவர்களைப் பாடிய கோஷாவும், 'நானே' என்று தெய்வத்தின் குரலில் பாடிய வாக் ஆம்ப்ருணியும் பெண்கள். நீங்கள் எந்த ஆசார்யர் வழியோ அந்த வழியில் நில்லுங்கள். எந்த வழியிலும் தடையில்லாதது பெயர் சொல்லி நமஸ்காரம் செய்வது: அதித்யை நம:, மித்ராய நம:, அர்யம்ணே நம:, பகாய நம:, த்வஷ்ட்ரே நம:, உஷஸே நம:, அஹயே புத்ன்யாய நம:. கூடவே சூக்தத்தின் பொருளைத் தமிழில் படித்து, அதையே வேண்டுதலாகச் சொல்லுங்கள். இதற்கு ஸ்வர தோஷம் கிடையாது.

நடுவில் விட்டுப்போனால் குற்றமா என்று பலர் தயங்கித் தொடங்காமலே இருக்கிறார்கள். மாலை சந்தியில் வரும் ஒரு வருண மந்திரம், 'மனிதர்கள் செய்வதைப் போல நாங்களும் நாள்தோறும் உன் விரதத்தை மீறுகிறோம்' என்று ஒத்துக்கொண்டேதான் தொடங்குகிறது. விட்டுப்போன நாளுக்குப் பரிகாரம் தேட வேண்டாம். அடுத்த முறை உங்கள் நட்சத்திரம் வரும் நாளில் மறுபடி விளக்கேற்றுங்கள். ஒரே சமயத்தில் பத்துப் பேரைக் கூப்பிடாமல், முதல் வருஷம் உங்கள் நட்சத்திர தேவதை ஒருவரோடு மட்டும் பழகுங்கள். யார் என்று இன்னும் தெரியாவிட்டால் குடும்ப சாஸ்திரிகளிடம் கேளுங்கள். நட்சத்திரத்தைச் சொன்னால் மந்திரத்தோடு சொல்லிவிடுவார்.